கர்ரி மணல் தீவில் வண்டி ஓட்டுவது எப்படி?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரையை ஒட்டி 120 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் கர்ரி, உலகின் மிகப் பெரிய மணல் தீவு. 2023 வரை ஃபிரேசர் தீவு என்பதே அதன் அதிகாரபூர்வப் பெயர். இங்கே கிழக்குக் கடற்கரைதான் நெடுஞ்சாலை. சீட் பெல்ட், குடித்துவிட்டு ஓட்டாமை, வேக வரம்பு எல்லாச் சட்டமும் மணலிலும் உண்டு.

தரையிலிருந்து நல்ல உயரமும் லோ ரேஞ்ச் கியரும் (மெதுவாக, அதிக இழுவிசையோடு ஓட்டும் கியர்) உள்ள ஃபோர் வீல் டிரைவ் வண்டியே வேண்டும். உள்காட்டுப் பாதைகளில் சக்கரத் தடங்களுக்கு நடுவே மணல் திட்டு உயர்ந்து நிற்கும். தாழ்வான எஸ்யூவியின் அடிவயிறு அதில் உட்கார்ந்துவிடும். சாதாரண வாடகைக் கார்களை ஒப்பந்தமே தீவுக்குள் அனுமதிக்காது. படகேறும் முன் வாகன அனுமதியும், கூடாரம் போடுவதானால் முகாம் அனுமதியும் வாங்கிவிடுங்கள். கனமான சாமான்களை மேற்கூரையில் ஏற்ற வேண்டாம். மணலில் வண்டி கவிழ்வதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்தது கடல் ஏற்றம். ஏற்றம் உச்சத்தில் இருக்கும் நேரத்துக்கு இரண்டு மணி முன்பும் இரண்டு மணி பின்பும் கடற்கரையில் ஓட்டாதீர்கள். உதாரணமாக, உச்சம் காலை 10 மணி என்றால் 8 முதல் 12 வரை வண்டி கரையேறி நிற்கட்டும். அந்த நேரத்தில் இறுகிய ஈர மணல் நீருக்கடியில் போய்விடும். மிஞ்சுவது மேலே உள்ள பொலபொலத்த மணல் மட்டும். அன்றைய கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்த பிறகே பயணத் திட்டம் போடுங்கள். படகு நேரத்துக்காக ஏற்றத்தோடு போட்டி போட்டவர்களின் வண்டிகள்தாம் அலையில் மூழ்குகின்றன.

மணலில் இறங்கும் முன் நான்கு டயரிலும் காற்றை 18 முதல் 20 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை குறையுங்கள். டயரின் தடம் நீண்டு எடை பரவும், புதைவது குறையும். 15-க்குக் கீழே போனால், திருப்பத்தில் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடலாம். அழுத்தமானியும் கம்ப்ரசரும் கையில் இருக்கட்டும்: தார்ச்சாலை வந்ததும் காற்றை ஏற்றாவிட்டால் டயர் சூடாகி வெடிக்கலாம்.

கடற்கரையில் அதிகபட்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். உள்பாதைகளில் பெரும்பாலும் 30. ஆனால் 80 என்பது ஓட்ட வேண்டிய வேகம் அல்ல. ஓடைகள் கடலில் கலக்குமிடத்தில் மணலை அறுத்து திடீர்ப் படிகளை உண்டாக்கும்; உச்சி வெயிலில் நிழல் விழாததால் அவை கண்ணுக்குத் தெரியாது. ஈலை ஓடை அருகே குழந்தைகள் ஓடித் திரிவார்கள், அலைச் சத்தத்தில் வண்டி வருவது அவர்களுக்குக் கேட்காது. அங்கே ஊர்ந்து செல்லுங்கள். சிறு விமானங்களும் இந்தக் கரையில் இறங்கும். பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரத்துக்கு முன் மணல் குவியும். ஆக்சிலரேட்டரை விட்டு, தானாக நிற்க விடுங்கள்.

புதைந்தால் உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். சக்கரம் சுழலச் சுழல வண்டி இன்னும் இறங்கும். சக்கரங்களின் முன்னும் பின்னும், அடிவயிற்றின் கீழும் மண்வெட்டியால் மணலை வாருங்கள். வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுத்துப் பாருங்கள். அசையாவிட்டால் காற்றை 15 வரை குறைத்து, சக்கரத்தடியில் மீட்புப் பலகைகளை (சக்கரத்துக்குப் பிடிமானம் தரும் பலகைகள்) செருகுங்கள். இன்னொரு வண்டி இழுப்பதானால், கயிற்றைத் தரச்சான்று பெற்ற மீட்புக் கொக்கிகளில் மட்டுமே மாட்டுங்கள். டிரெய்லர் மாட்டும் இரும்புக் குண்டில் மாட்டவே கூடாது. அது முறிந்து பறந்து ஆட்களைக் கொன்றிருக்கிறது. வேடிக்கை பார்ப்பவர்கள் கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி நிற்க வேண்டும். 9 மீட்டர் கயிற்றுக்கு அது 13.5 மீட்டர். தண்ணீர் ஏறி வந்தால் முதலில் ஆட்களை மேட்டுக்கு அனுப்புங்கள், வண்டி பிறகு.

டிங்கோ எனப்படும் ஆஸ்திரேலியக் காட்டு நாய்கள் இங்கே தாக்கியதுண்டு. 2001-இல் ஒன்பது வயதுச் சிறுவன் இறந்தான். பிள்ளைகளைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்திருங்கள். உணவைக் கூடாரத்தில் வைக்காமல் வண்டிக்குள் பூட்டுங்கள். நாய் நெருங்கினால் ஓடாதீர்கள்; அதைப் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்குங்கள். கிழக்குக் கடலில் குளிக்க வேண்டாம்: இழுப்பு நீரோட்டமும் சுறாக்களும் உண்டு, உயிர்காக்கும் காவலர் கிடையாது.

பல இடங்களில் கைபேசி சிக்னல் வராது; செயற்கைக்கோள் வழி அவசரக் கருவி ஒன்று எடுத்துச் செல்லுங்கள். சிக்னல் கிடைக்குமிடத்தில் அவசர உதவி எண் 000. ஊர் திரும்பியதும் அன்றே வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் முழுக்கக் கழுவுங்கள். உப்பு பிரேக் குழாய்களையும் சேசிஸையும் (அடிச்சட்டம்) அரித்துவிடும்.