படிக்கட்டு வயல் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

குடை மறந்தது, செருப்பு வழுக்கியது எல்லாம் இங்கே வேண்டாம். முதல் மழையே அதைக் கற்றுக்கொடுத்துவிடும். மலைச்சரிவில் அடுக்கடுக்காக நெல் போடும் இந்த வயல்களுக்குப் புதிதாகப் போகிற ஒவ்வொருவரும், யாரும் சொல்லித்தராததால் திரும்பச் செய்கிற தவறுகள் சில உண்டு. நாங்களும் செய்தவைதான்.

பயிரைக் கேட்காமல் டிக்கெட் போடுவது

காசைத் தின்கிற தவறு இதுதான். ஒரே ஒரு செய்தி அனுப்பிக் கேட்டிருந்தால் தப்பித்திருக்கலாம் என்பதால் எரிச்சலும் இதில்தான் அதிகம். மலை முழுக்கப் பொன்னிறமாக ஒரு படம். அதில் தேதி இருக்காது. லீவு கிடைத்த மாதத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டு அங்கே போய் இறங்கினால் அறுத்த நெல்லின் அடித்தாள்தான் நிற்கும்.

ஒரே வயல் வருஷத்துக்கு நாலு வேஷம் போடும். தண்ணீர் கட்டிய கண்ணாடி, நட்ட பச்சை, விளைந்த மஞ்சள், அறுத்த தாள். எது எந்த மாதம் என்பது ஊருக்கு ஊர் மாறும். பிலிப்பைன்ஸின் பனாவே பக்கத்துப் பாரம்பரிய நெல்லுக்குப் பெயர் 'தினாவோன்'. வருஷத்துக்கு ஒரு போகம் என்று பொருள். அங்கே அறுப்பு ஜூன், ஜூலையில். வியட்நாமின் மூ காங் சாயில் மஞ்சள் கட்டுவது செப்டம்பர் நடுவிலிருந்துதான். 'செப்டம்பரில் பொன்வயல்' என்று இரண்டு ஊரையும் ஒரே பயணத்தில் சேர்த்தால் ஒன்று பழுத்து நிற்கும், மற்றது வெறும் சேறும் புயல் மழையுமாகக் கிடக்கும். சீனாவின் யுன்னானில் யுவான்யாங் கதையே வேறு. அங்கே வாழும் ஹானி இன மக்கள் அறுப்பு முடிந்த வயலில் குளிர்காலம் முழுக்கத் தண்ணீர் கட்டி வைப்பார்கள். டிசம்பரிலிருந்து மார்ச் வரை மலையே கண்ணாடியாக இருக்கும். பச்சைப் பயிர் இருக்காது. பாலியில் மட்டும் இந்தக் கவலை குறைவு. ஒரு பகுதியில் நாற்று இருந்தால் வேறொரு பகுதியில் கதிர் இருக்கும்.

மாதம் சரியாக இருந்தாலும் வாரம் தப்பலாம். 100 மீட்டர் மேலே போனால் வெப்பம் சுமார் 0.6 டிகிரி குறையும், பயிரும் அந்த அளவுக்குத் தாமதிக்கும். ஆகவே அடிவாரம் அறுத்துக்கொண்டிருக்கும்போது உச்சி பச்சையாக நிற்பதில் அதிசயம் இல்லை.

தங்கப்போகிற வீட்டுக்காரரிடம் 'இப்போது அழகாக இருக்கிறதா?' என்று கேட்காதீர்கள். எந்த மாதம் கேட்டாலும் ஆமாம் என்றுதான் சொல்வார். 'கதிர் வெளியே வந்துவிட்டதா? தலை சாய்ந்துவிட்டதா? தண்ணீரை வடித்தாயிற்றா?' என்று கேளுங்கள். கூடவே இன்று எடுத்த ஒரு படமும் கேளுங்கள். பூத்ததிலிருந்து அறுப்புக்குச் சூடான இடத்தில் சுமார் 30 நாள். குளிர்ந்த மலையில் இன்னும் கூடும். கதிர் இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது என்றால் மூன்று வாரம் கழித்துக் கிளம்பலாம். சாய்ந்து மஞ்சள் கண்டுவிட்டால் அந்த வாரமே. அறுப்புக்கு 7 முதல் 10 நாள் முன்னால் தண்ணீரை வடிப்பார்கள். வடித்தாயிற்று என்று பதில் வந்தால் மறுநாளே வண்டி ஏற வேண்டும். கண்ணாடி வயல்தான் வேண்டும் என்றால் நடவு எப்போது என்று கேளுங்கள். நட்ட சில வாரங்களில் பயிர் தூர் கட்டி நீரை மூடிவிடும்.

பெயரை நம்பி இறங்குவது

'யுவான்யாங்' என்று எழுதிய பஸ் நான்ஷாவில் இறக்கிவிடலாம். அது ஆற்றுப் பள்ளத்தில் வேகிற புது ஊர். வயலுக்குக் கிட்டே உள்ள பழைய ஊரான ஷின்ஜியே அங்கிருந்து சுமார் 30 கி.மீ. மேலே இருக்கிறது. பனாவேயில் சாலையோரக் காட்சிமேடையில் நின்று படம் எடுத்துவிட்டு உலகப் பாரம்பரியச் சின்னத்தைப் பார்த்தாயிற்று என்று திரும்புகிறவர்கள் ஏராளம். 1995-ல் யுனெஸ்கோ சேர்த்த ஐந்து தொகுதிகளில் அந்தக் காட்சி இல்லை; படாட், பங்கான் போன்ற ஊர்களின் வயல்கள்தான் உண்டு. படாடுக்குக் கடைசித் தூரத்தை நடந்துதான் போக வேண்டும். அதற்கு அரைநாள் ஒதுக்குங்கள்.

திசை

யுவான்யாங்கின் காட்சிமேடைகளில் துவோயிஷு விடியலுக்கு, லாவ்ஹுசுய் அந்திக்கு. மாற்றிப் போனால் நிழல்தான்.

ஈர வரப்பில் கால் வைப்பது

ஊரார் நடந்து தேய்ந்த வரப்பில் தாராளமாக நடக்கலாம். கறுத்துப் பளபளவென்று இருப்பது புதிதாகச் சேறு பூசிய வரப்பு. அதில் மட்டும் வேண்டாம். குதிகால் பதிந்த பள்ளத்தில் முதலில் நீர் கசியும், விடிவதற்குள் அது வாய்க்காலாகிவிடும். படிக்கட்டு வயலில் ஒரு வரப்பு உடைந்தால் கீழ் வரப்பும் அந்தத் தண்ணீரைத் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் அதுவும் போகும், அதற்குக் கீழே உள்ளதும் போகும். வயலுக்கு நீர் விடும் மடையில் இருக்கிற கல்லையும் கட்டையையும் மிதிபடியாக நினைக்காதீர்கள். யாருக்கு எவ்வளவு நீர் என்பதை அளந்து வைத்த கட்டை அது. உங்கள் கால் தட்டி ஒரு விரல் நகர்ந்தாலும் கீழ் வயல்காரருக்கு நஷ்டம்.

தடுமாறினால் வயல் பக்கம் சாயுங்கள். முழங்கால் வரை சேறோடு போகும், நாலு நாற்று சாயும். அதைத் திரும்ப நட்டுக்கொள்ளலாம். மறுபக்கம் கீழே அடுத்த அடுக்கு இருக்கிறது, படாடில் அந்தக் கல்சுவர் ஆளுயரத்தையும் தாண்டும். எதிரே சுமையோடு ஆள் வந்தால் ஒதுங்க வேண்டியவர் நீங்கள்தான். வரப்பு இரண்டாகப் பிரிகிற மூலை வரை பின்னால் போய் நில்லுங்கள்.

உச்சி வெயில் படம்

எடுக்காதீர்கள். படத்தில் தண்ணீர் வெறும் வெள்ளையாகத்தான் தெரியும்.

சில்லறை இல்லாமல் போவது

பாலியின் தெகலலாங்கில் வயல் நடுவே அங்கங்கே உண்டியல் வைத்திருப்பார்கள். நடப்பது அவர்கள் நிலத்தில். சின்ன நோட்டுகளாகக் கொண்டுபோங்கள்.

நடவு நடுகிறவரைக் கூப்பிட்டுப் படத்துக்கு நிமிரச் சொல்வது

வேண்டாம். பிடித்த நாற்றுமுடி கையில் இருக்கிறது, வரிசை பாக்கி இருக்கிறது. கரையேறும்போது கேளுங்கள்.