உள்ளே வைத்த தக்காளி பூத்தும் காய்க்கவில்லை: என் அனுபவம்

மாரி மழை பிடித்தால் மாங்குளத்து வீட்டு முற்றத்தில் தக்காளி அழுகும், வருடா வருடம் இதுதான். அதனால் இந்த முறை 6 கன்றுகளைப் பெயின்ட் வாளிகளில் நட்டு முன் அறைக்குள் கொண்டுவந்து, மேலே இரண்டு எல்ஈடி ரியூப் லைட் கட்டிவிட்டேன். நன்றாக வளர்ந்து பூத்தது, ஆனால் ஒரு பிஞ்சு இல்லை. பூ மஞ்சளாகி, காம்பின் நடுவில் இருக்கிற கணுவோடு கழன்று விழும்.

பசளை காணாது என்று யூரியா போட்டேன், இலைதான் கருகருவென்று தழைத்தது. பூச்சியாக்கும் என்று வேப்பெண்ணெய் அடித்தேன். தண்ணீரைக் குறைத்தேன். 10 நாள் வீண்.

பக்கத்து வீட்டு அன்ரி எட்டிப் பார்த்து, "உள்ளுக்கை காத்தே இல்லையே பிள்ளை" என்றா. அப்போதுதான் விளங்கியது. தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருக்கின்றன, ஆனால் மகரந்தம் உதிரப் பூ ஆட வேண்டும். வெளியே காற்றும் தேனீயும் செய்கிற வேலை அது.

சரி என்று காலை 7 மணிக்குத் தட்டினேன், ஒன்றும் விழவில்லை, ஈரத்தில் மகரந்தம் ஒட்டிக்கொள்ளுமாம். மேசை விசிறியை அரை மணித்தியாலம் ஓடவிட்டு 11 மணிக்குத் தட்டினால், கீழே பிடித்த போனின் கறுப்புக் கண்ணாடியில் வெளிர் மஞ்சள் தூள். உள்ளங்கையில் பிடித்தால் அது கண்ணுக்கே தெரியாது.

பூவைத் தொடாமல் காம்பை மட்டும் நாளும் விரலால் சுண்டினேன். ஒரு கிழமையில் மிளகு அளவில் முதல் பிஞ்சு, அப்பாடா. கத்தரிக்கும் இதே வழிதான். வெள்ளரிக்குச் சரிவராது, அதற்கு ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட வேண்டும்.