நீலகிரியில் குளிர்கால விறகைச் சேமிக்கும் முறை

உதகை, குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் கணப்பு உள்ள வீட்டினர் பலர், நவம்பர் இறுதியில் உறைபனி நெருங்கும்போதுதான் விறகைப் பற்றி நினைக்கின்றனர். அப்போது வாங்கும் ஈர விறகை அந்தக் குளிருக்கே எரிப்பது வீண். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீராகவே இருக்கக்கூடும் என்பதால், அந்த நீரை ஆவியாக்குவதிலேயே வெப்பத்தின் கணிசமான பகுதி செலவாகிறது; அறையில் புகை சூழ்வதோடு, புகைபோக்கியின் உட்சுவரில் தார் போன்ற கரி படிந்து, பின்னொரு நாள் அதுவே தீப்பற்றவும் கூடும். ஆகவே ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய விறகையே எரிக்க வேண்டும்.

இங்கு விறகை உலர்த்த ஏற்ற காலம் ஜனவரி முதல் மே வரையிலானது. ஜூனில் தென்மேற்குப் பருவமழையும் அதைத் தொடர்ந்து வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடுவதால், இந்த ஜனவரியில் வாங்குவதை வரும் டிசம்பருக்கான விறகு என்றே கொள்ள வேண்டும்.

ஆஸ்திரேலியாவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் வந்த கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) நல்ல விறகு தருபவை. இம்மலையின் இயற்கைக் காடுகளான சோலைகளின் மரங்களைத் தொடவே கூடாது. அவை வளர ஆகும் காலத்தை நினைத்தால் விறகுக்காக அவற்றை வெட்ட யாருக்கும் மனம் வராது. சொந்த நிலத்து மரமானாலும், 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால், வெட்டுவதற்கு முன் வனத்துறையிடம் அனுமதி குறித்துக் கேட்டறிய வேண்டும்.

கற்பூர மரத்தின் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால், காய்ந்தபின் அதைப் பிளப்பது பெரும்பாடு. பச்சையாக இருக்கும்போதே 30 முதல் 40 சென்டிமீட்டர் நீளத்துக்கு அறுத்து, ஆப்பு வைத்து, கைக்கு அடங்கும் பருமனாகப் பிளந்துவிட வேண்டும். பட்டை ஈரத்தை அடைத்து வைப்பதால், பிளக்காத உருளைக் கட்டை மிக மெதுவாகவே உலரும்.

அடுக்கும் இடத்தைத் தேர்வதில்தான் அதிகக் கவனம் தேவை. வெயிலைவிடவும் காற்றோட்டமே முக்கியம். தரையில் செங்கல் அல்லது கல் வைத்து, அதன்மேல் கட்டைகளைக் கிடத்தி, குறைந்தது 15 சென்டிமீட்டர் உயரத்தில் அடுக்கினால் மண்ணின் ஈரமும் கரையானும் எளிதில் அண்டா. வீட்டுச் சுவரோடு ஒட்டி அடுக்காமல் ஒரு சாண் இடைவெளி விட வேண்டும். மேலே மட்டும் தகரத்தைச் சரிவாகப் போட்டு, பக்கங்களைத் திறந்து விடுவதே முறை. தார்ப்பாயால் முழுவதும் போர்த்தினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிப் பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்தில் மட்டும், சாரல் அடிக்கும் பக்கத்துக்கு ஒரு தட்டி கட்டிக்கொள்ளலாம். உதிர்ந்த கற்பூர இலையும் பட்டையும் விரைவில் தீப்பற்றும் என்பதால் அடுக்கைச் சுற்றிக் கூட்டித் துப்புரவாக வைக்க வேண்டும்.

நன்கு காய்ந்த இரு துண்டுகளை மோதினால் கணீரென்று ஒலிக்கும். ஈர விறகு மந்தமாக ஒலிக்கும். ஆனால் இதைவிட நம்பத்தக்க வழி ஒன்று உண்டு. அடுக்கின் நடுவிலுள்ள ஒரு துண்டில் அடையாளமிட்டு, மாதந்தோறும் எடை பார்த்துக் குறித்து வர வேண்டும்; வறண்ட மாதங்களில் எடை மேலும் குறையாமல் நின்றுவிட்டால், திறந்தவெளியில் அது உலரக்கூடிய அளவுக்கு உலர்ந்துவிட்டது என்று பொருள்.

வீட்டுக்குள் இரண்டு மூன்று நாள் தேவைக்கு மட்டும், கணப்பின் பொறி எட்டாத தொலைவில் வைத்துக்கொள்வது போதும். அடுக்குகளில் தேளும் பாம்பும் ஒதுங்கக்கூடும் என்பதால், விளக்கு வெளிச்சமில்லாமல் இரவில் கைவிட்டு எடுக்க வேண்டாம்.