டர்பனில் சில மாதம் தங்க வருவோர் பழைய கார் வாங்கும்போது

டிசம்பர் விடுமுறைக்கு வந்து, தைப்பூசக் காவடி பார்த்து, ஈஸ்டர் சமயத்தில் இசிப்பிங்கோ மாரியம்மனைக் கும்பிட்ட பிறகே திரும்புவது என்ற கணக்கில், லண்டனிலும் பெர்த்திலும் குடியேறிய நம் பிள்ளைகள் பிறந்த ஊருக்கு வருகிறார்கள். அம்மாவின் உடம்பைக் கவனிக்க நாலைந்து மாதம் தங்குவோரும் உண்டு. சாட்ஸ்வொர்த்தில் வீடு, டொங்காட்டில் பெரியம்மா, பீனிக்ஸில் தம்பி என்று சொந்தம் சிதறிக் கிடக்கிற ஊர் இது. மினிபஸ் டாக்ஸியை மட்டும் நம்பி வயதானவர்களை அழைத்துக்கொண்டு அலைய முடியாது. மூன்று வாரம்தான் தங்குகிறீர்கள் என்றால் வாடகைக் கார் போதும். மூன்று மாதத்தைத் தாண்டினால் வாடகை கையைக் கடிக்கும். அப்போது பழைய கார் ஒன்றை வாங்கி, போகும்போது விற்றுவிடுவதே நல்லது.

வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, ‘எந்த வண்டி பெட்ரோல் கம்மியா குடிக்கும்?’ என்பதுதான். நியாயமான கேள்வி, ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 1,000 கிலோமீட்டர் வீதம் 5 மாதம் ஓட்டினால் 5,000 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு 6 லிட்டர் குடிக்கிற வண்டிக்கு 300 லிட்டர் ஆகும், 7.5 லிட்டர் குடிக்கிற வண்டிக்கு 375 லிட்டர். லிட்டர் 22 ராண்ட் என்று வைத்துக்கொண்டால் மொத்த வித்தியாசம் 1,650 ராண்ட். ஒரு கிளட்ச் மாற்றினாலே இதைவிட அதிகம் செலவாகிவிடும். அதனால் மைலேஜுக்காக 20,000 ராண்ட் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். எந்த மெக்கானிக்குக்கும் பழகிய எஞ்சின், எந்தக் கடையிலும் கிடைக்கிற உதிரி பாகம், போகும்போது ஒரு வாரத்தில் விலை போகிற பெயர், இந்த மூன்றும் உள்ள வண்டியைத் தேடுங்கள். அதை ஒழுங்காகப் பராமரித்தாலே பெட்ரோல் மிச்சமாகும்.

விலை குறைந்தது வேண்டும் என்றால் டொயோட்டா டாஸ். 1996 முதல் 2006 வரை இங்கேயே ப்ராஸ்பெக்டன் தொழிற்சாலையில் செய்த வண்டி. டர்பன் மெக்கானிக் யாருக்கும் அதன் எஞ்சின் புதிதல்ல. 2009இல் உற்பத்தி நின்ற ஃபோக்ஸ்வேகன் சிட்டி கோல்ஃபும் அப்படி எல்லாருக்கும் பழகிய வண்டிதான். ஆனால் இந்த இரண்டையும் குழந்தைகளோடு வருகிற குடும்பத்துக்கு நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலானவற்றில் ஏர்பேக்கும் கிடையாது, ஏ.பி.எஸ். பிரேக்கும் கிடையாது. போதாக்குறைக்கு உதிரி பாகத்துக்காகத் திருடர்கள் தேடுகிற வண்டிகள் அவை. கொஞ்சம் கூடுதலாகப் போட முடிந்தால் 2012இல் விற்பனைக்கு வந்த டொயோட்டா எட்டியோஸைப் பாருங்கள். 1.5 லிட்டர் எஞ்சின், குறிப்பிட்ட காலத்தில் மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின், டிக்கியில் தாராளமான இடம். ஹூண்டாய் ஐ10, கியா பிகான்டோ இரண்டும் ஊருக்குள் ஓட்ட நன்றாக இருக்கும். அவற்றின் 1.1 லிட்டர் எஞ்சினில் டைமிங் பெல்ட் உண்டு. எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு அந்தச் செலவையும் விலையில் சேர்த்துப் பேசுங்கள். பழைய ஹோண்டா ஜாஸ் வாங்கினால் வின் எனப்படும் சேசிஸ் எண்ணை ஹோண்டா டீலரிடம் கொடுத்து, குறையுள்ளது என்று திரும்பப் பெறப்பட்ட டக்காட்டா ஏர்பேக் மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். மாற்றாமல் இருந்தால் இலவசமாக மாற்றித் தருவார்கள்.

எஞ்சின் சிறிதாக இருந்தால் பெட்ரோல் மிச்சம் என்பது மேட்டு ஊரில் எப்போதும் பலிக்காது. சாட்ஸ்வொர்த்தின் மேடுகளில் ஐந்து பேரோடும் பிரியாணி அண்டாவோடும் 1.1 லிட்டர் எஞ்சின் இரண்டாம் கியரிலேயே அலறிக்கொண்டு ஏறும். அதே மேட்டை 1.4, 1.5 லிட்டர் எஞ்சின் நிதானமாக ஏறும், குடிப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஜோஹன்னஸ்பர்க் போகும் எண்ணம் இருந்தால் இதை இன்னும் கவனிக்க வேண்டும். அந்த ஊர் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சின் அங்கே ஆறில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடும். பழைய டீசல் வண்டி வேண்டவே வேண்டாம். இன்ஜெக்டரோ டர்போவோ போனால் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே நாளில் கரைந்துவிடும்.

மலிவாக ஆசை காட்டுகிற வேறொரு வகை வண்டியும் உண்டு. ஜப்பானில் ஓடிய பழைய கார்கள் டர்பன் துறைமுகத்தில் இறங்கி அண்டை நாடுகளுக்குப் போகின்றன. தென்னாப்பிரிக்காவில் அவற்றைப் பதிவு செய்ய முடியாது. சில இங்கேயே தங்கி, வெளிநாட்டு நம்பர் பிளேட்டோடு கைமாறுகின்றன. பெயரை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஜாஸ் என்ற பெயரில் விற்ற வண்டிக்கு ஹோண்டா இங்கே ஃபிட் என்று பெயர் வைத்ததே 2021இல்தான். அதற்கு முந்தைய ஃபிட் ஒன்று விற்பனைக்கு வந்தால் விலையைக் கேட்காமலே நகர்ந்துவிடுங்கள்.

வண்டியைக் காலையில், எஞ்சின் சூடாகும் முன் பார்க்கப் போங்கள். ‘நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்’ என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பானட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. ஆயில் மூடியின் அடியில் வெளுத்த பசை போல் ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பட்டன் தேயாவிட்டாலும் பழைய டயர் பழைய டயர்தான்.

டர்பன் வண்டிக்கு இரண்டு சோதனைகள் கூடுதலாக வேண்டும். முதலாவது துரு. கடல் காற்று கதவின் அடி விளிம்பையும் சக்கர வளைவையும் உள்ளிருந்தே தின்னும். வெளியே பெயின்ட் பளபளப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். இரண்டாவது வெள்ளம். 2022 ஏப்ரலில் வந்த வெள்ளம் ப்ராஸ்பெக்டன் டொயோட்டா தொழிற்சாலையையே மூழ்கடித்தது. வீட்டு வாசலில் நின்ற வண்டிகள் எத்தனை மூழ்கியிருக்கும்! என் சித்தி மகனுக்காக ஒரு முற்றத்தில் வண்டி பார்த்தோம். உள்ளே கழுவித் துடைத்து, வாசனை அட்டை தொங்கவிட்டு, புது விரிப்பும் போட்டிருந்தார்கள். நான் ஓட்டுநர் சீட்டு பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். முதல் முழம் கருப்பு. அடுத்த முழத்தில் குறுக்காக ஒரு பழுப்புக் கோடு, அதற்கப்பால் முழுக்க செம்மண் நிறம். ‘என்ன அண்ணா இது?’ என்றேன். ‘ஓடற வண்டிதானே, வோட்ஸ்டூட்ஸ் போட்டுத்தான் கொடுக்கறேன்’ என்றார் அவர். நாங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டோம். நீங்களும் பெல்ட்டை இழுத்துப் பாருங்கள். ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் சேறு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வோட்ஸ்டூட்ஸ் என்றால் இருக்கிற நிலையிலேயே விற்பது, பிறகு குறை சொல்லி வரக்கூடாது. தெரிந்தே குறையை மறைத்து விற்றவருக்கு அந்தச் சொல் சட்டப்படி பாதுகாப்பு தராது. ஆனால் அதை நிரூபிப்பதற்குள் உங்கள் விமானம் கிளம்பிவிடும். வியாபாரமாக விற்கிற டீலரிடம் வாங்கினால், 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தரக்குறைவான பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கவோ சரிசெய்யக் கேட்கவோ உரிமை உண்டு. தனியார் ஒருவர் தன் சொந்த வண்டியை விற்கும்போது அந்தச் சட்டம் பொருந்தாது. டீலர் விலை கூடுதல்தான். கார் பற்றித் தெரிந்த ஆள் உங்கள் பக்கம் யாரும் இல்லையென்றால் அந்தக் கூடுதலைக் கொடுக்கலாம்.

இனி காகிதம். வந்தவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். தென்னாப்பிரிக்க அடையாள எண் உள்ளவர்களுக்குக் கவலையில்லை. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் மட்டும் வைத்திருப்பவர், அடையாள எண்ணுக்குப் பதிலாகத் தரப்படும் டிராஃபிக் ரெஜிஸ்டர் நம்பர் இல்லாமல் தன் பெயரில் வண்டி பதிவு செய்ய முடியாது. அந்த எண்ணுக்கு விண்ணப்பிக்கும் ஏ.என்.ஆர். படிவம், பாஸ்போர்ட், புகைப்படம், முகவரிச் சான்று கேட்பார்கள். தங்கும் வீட்டின் மின்சார பில் மாமா பெயரில் இருந்தால், நீங்கள் அங்கே தங்கியிருப்பதாக அவர் போலீஸ் நிலையத்தில் அஃபிடவிட் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். வந்த வாரமே இதற்கு விண்ணப்பியுங்கள். வண்டியைத் தேடுவது அதற்குப் பிறகு. அவசரத்தில் வண்டியை மச்சான் பெயரில் போடுவது வழக்கமாகிவிட்டது. அபராதம், விபத்து, இன்சூரன்ஸ் எல்லாம் அவர் தலையில் விழும். சொந்தத்துக்குள் மனக்கசப்பு வர இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

விற்பவரிடம் ரெஜிஸ்ட்ரேஷன் சர்டிஃபிகேட்டின் மூலப் பிரதியைக் கேளுங்கள். அதில் ஓனர், டைட்டில் ஹோல்டர் என்று இரண்டு பெயர் இருக்கும். டைட்டில் ஹோல்டர் இடத்தில் வங்கியின் பெயர் இருந்தால் கடன் இன்னும் தீரவில்லை, தீராமல் வண்டி உங்களுடையதாகாது. கோட் 3 என்று இருந்தால் ஒருமுறை நொறுங்கித் திரும்பக் கட்டிய வண்டி. வாங்குவது சுலபம், திரும்ப விற்பது பாடு. சாலையில் ஓடத் தகுதியான வண்டி என்று சொல்லும் ரோட்வொர்தி சான்று பெயர் மாற்றத்துக்குக் கட்டாயம், 60 நாள் செல்லும். சோதனை நிலையத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். அவர்கள் பார்ப்பது பிரேக், ஸ்டீயரிங், விளக்கு, டயர் போன்றவற்றை. எஞ்சின் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று அந்தத் தாள் சொல்லாது. அதற்குத் தனியாக ஒரு மெக்கானிக்கிடமோ வண்டியைச் சோதித்துச் சொல்கிற டெக்ரா போன்ற இடத்திலோ காட்ட வேண்டும். வாங்கிய 21 நாளுக்குள் உங்கள் பெயருக்குப் பதிவு செய்துவிடுங்கள். பணத்தை ரொக்கமாகச் சுமந்து போகாதீர்கள், பகலில் வங்கிக்குள் உட்கார்ந்து மாற்றுங்கள்.

இங்கே மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயமில்லை. ரோடு ஆக்ஸிடென்ட் ஃபண்ட் என்ற அரசு விபத்து நிதி ஆளுக்கு ஏற்படும் காயத்துக்குத்தான் ஈடு தரும், வண்டிச் சேதத்துக்குத் தராது. நீங்கள் இடித்தது விலையுயர்ந்த காராக இருந்தால் வாழ்நாள் சேமிப்பே போகலாம். மற்றவர் வண்டிச் சேதத்துக்கான இன்சூரன்ஸாவது கட்டாயம் எடுங்கள்.

வண்டி கைக்கு வந்ததும் எலுமிச்சை வைத்து, கற்பூரம் காட்டி, கோயிலைச் சுற்றி வந்த கையோடு ஒர்க்‌ஷாப்புக்கு விடுங்கள். ஆயில், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் மூன்றையும் மாற்றி, வீல் அலைன்மென்ட் பார்த்து, டயர் காற்றை ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுப்படி வையுங்கள். பிறகு வெப்பமானியைக் கவனியுங்கள். புறப்பட்ட சில நிமிடத்தில் முள் நடுவுக்கு வந்து அங்கேயே நிற்க வேண்டும். எவ்வளவு ஓட்டியும் முள் கீழேயே கிடந்தால், எஞ்சின் சூடேறுகிறது என்று எஞ்சின் வெப்பத்தைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட்டை யாரோ கழற்றி எறிந்திருப்பார்கள். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் போய்க்கொண்டே இருக்கும். சின்னப் பாகம், சின்னச் செலவு, போட்டதும் வித்தியாசம் தெரியும். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்த பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

உண்மையான மைலேஜ் தெரிய, டேங்க்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, 300 கிலோமீட்டராவது ஓட்டி, அதே பங்க்கில் மறுபடி நிரப்புங்கள். போட்ட லிட்டரை நூறால் பெருக்கி ஓடிய கிலோமீட்டரால் வகுத்தால் விடை. பெட்ரோல் விலை மாதத்தின் முதல் புதன்கிழமை மாறும். ஒரே பகுதியில் எந்த பங்க்கிலும் ஒரே விலைதான், அரசு நிர்ணயிப்பது. மலிவு தேடி அலைந்தால் அலைந்த பெட்ரோல்தான் நட்டம். கடலோரத்தில் உள்நாட்டைவிட விலை குறைவு என்பதால், ஜோஹன்னஸ்பர்க் கிளம்பும்போது டர்பனிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

விற்பதற்குப் புறப்படும் நாள் வரை காத்திருக்காதீர்கள். ஒரு மாதம் முன்பே விளம்பரம் கொடுங்கள். அவசரத்தில் இருப்பவர் என்று தெரிந்தால் விலையை அடித்துப் பேசுவார்கள். விற்றதும், வண்டி கைமாறியதைத் தெரிவிக்கும் என்.சி.ஓ. படிவத்தை நீங்களே லைசென்ஸ் அலுவலகத்தில் கொடுத்து, முத்திரை வைத்த பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். ‘நான் பார்த்துக்கறேன்’ என்று வாங்கியவர் சொன்னாலும் விடாதீர்கள். படிவம் போகாதவரை அவர் வாங்கும் அபராதமெல்லாம் உங்கள் பெயரில்தான் ஏறும்.