வீகன் சமையல் புத்தகமும் நம் அடுப்படியும்: சொதப்பும் இடங்கள்

கொண்டைக்கடலை ஒரு டப்பா, 400 கிராம் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. டப்பா எங்கள் தெருக்கடையில் கிடைக்காது, கடலை கிடைக்கும், அதனால் 400 கிராம் கடலையை நிறுத்து ராத்திரியே ஊறப்போட்டேன். காலையில் பார்த்தால் பாத்திரம் நிரம்பி மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. வேகவைத்த பிறகு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. "என்னம்மா, கோயிலுக்கா சுண்டல்?" என்று மகள் கேட்டாள். டப்பாவில் இருப்பது வெந்த கடலை, அதுவும் தண்ணீரோடு சேர்த்து 400 கிராம். வடித்தால் 240, 250 கிராம்தான் நிற்கும். அதற்குக் காய்ந்த கடலை 110 கிராம் போதும்.

டப்பாவை நம்பி எழுதிய குறிப்புகளில் நிஜமான ஆபத்து ஒன்றும் உண்டு. மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் ஸ்லோ குக்கரில் சிவப்பு ராஜ்மா போடச் சொல்லும் குறிப்புகள் பலவும் டப்பா ராஜ்மாவை, அதாவது ஏற்கெனவே வெந்ததை, மனதில் வைத்து எழுதியவை. வேகாத ராஜ்மாவில் ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது, மிதமான சூட்டில் அது போகாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும். பிரஷர் குக்கரில் வைப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

மகள் வீகன் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது, அதாவது கறி, முட்டை மட்டுமல்ல, பால், நெய், தேன்கூடத் தொடுவதில்லை. தமிழில் நனிசைவம் என்று அழகான பெயர் இருக்கிறது, எங்கள் வீட்டில் யார் வாயிலும் அது வருவதில்லை. அவள் வாங்கி வந்த புத்தகம் அமெரிக்காவில் எழுதியது. அதை வைத்து நான் கெடுத்தவற்றில் முக்கால்வாசி, எழுதியவரின் அடுப்படி வேறு, என்னுடையது வேறு என்பதை மறந்ததால் கெட்டவை.

அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கப் என்றால் அமெரிக்கப் புத்தகத்தில் ஏறக்குறைய 240 மில்லி, ஆஸ்திரேலியப் புத்தகத்தில் 250. ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லிதான். காபி டம்ளரைப் பற்றிப் பேசவே வேண்டாம், வீட்டுக்கு வீடு வேறு. குழம்பு என்றால் கண் பார்த்துச் சமாளிக்கலாம், கேக்கில் முடியாது. மேசைக்கரண்டிகூட ஆஸ்திரேலியாவில் 20 மில்லி, மற்ற ஊர்ப் புத்தகங்களில் பெரும்பாலும் 15. அப்புறம் அடுப்புச் சூடு: 350 என்று படித்துவிட்டு, என் சின்ன ஓவனில் முள் 250 வரைதானே போகிறது, சரி இருப்பதில் அதிகமாக வைப்போம் என்று முழுசாகத் திருப்பினேன். 350 ஃபாரன்ஹீட் என்பது 177 செல்சியஸ். பிஸ்கட் கரியாகி வெளியே வந்தது.

உப்பும் அப்படித்தான். கோஷர் உப்பு என்று எழுதியிருந்தால் அது பொரபொரப்பான பெரிய துகள், கரண்டியில் இடைவெளி விட்டு நிற்கும். அதே கரண்டி நிறைய நம் தூள் உப்பை அள்ளினால் சில வகைகளுக்கு ஏறக்குறைய இரட்டிப்பு உப்பு விழுகிறது. பாதியில் தொடங்கி நாக்கைக் கேளுங்கள்.

ஆனால் என்னை நிஜமாகவே அழவைத்தது மிளகாய்த்தூள். அமெரிக்கக் கடைகளில் 'சில்லி பவுடர்' என்று விற்பது பெரும்பாலும் மிளகாயோடு சீரகம், பூண்டு, ஆரிகனோ எல்லாம் கலந்த மசாலாத் தூள், காரம் மிதம்தான். அதனால் பீன்ஸ் போட்டு வைக்கும் 'சில்லி' என்ற குழம்புக்கு 2 மேசைக்கரண்டி என்று தாராளமாக எழுதுவார்கள். மில்லில் அரைத்து வந்த நம் தூளை 2 மேசைக்கரண்டி போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது அந்த இடத்தில் ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், இரண்டு தேக்கரண்டி வறுத்த சீரகத்தூள், நாலு பல் பூண்டு என்று போடுகிறேன், சரியாக இருக்கிறது.

பெயர்க் குழப்பத்தில் இன்னும் இரண்டை மட்டும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் புத்தகத்தில் 'கார்ன் ஸ்டார்ச்' என்பதுதான் நம் கடையில் கார்ன்ஃப்ளார் என்று விற்கும் வெள்ளை மாவு. அவர்கள் 'கார்ன் ஃப்ளவர்' என்றால் அது மக்காச்சோளத்தையே அரைத்த மாவு. இன்னொன்று பேக்கிங் சோடா. அது நம் ஆப்ப சோடா, பேக்கிங் பவுடரைவிட மூன்று, நான்கு மடங்கு வேகம் உள்ளது. ஒன்று இல்லையென்று மற்றதை அதே அளவு போட்டால், ஒரு பக்கம் சோப்பு வாடை, இன்னொரு பக்கம் செங்கல்.

இனி பெரிய விஷயத்துக்கு வருகிறேன். பால், முட்டை, வெண்ணெய் இந்த மூன்றையும் எடுத்துவிட்டு வேறொன்றைப் போடும்போது, எடுத்த பொருள் அங்கே என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று கேட்காமல் போடுகிறோம். முட்டையையே பாருங்கள். கட்லெட்டில் அது பிடிமானம், கேக்கில் அதுவே உப்பவும் வைக்கிறது. ஆளி விதைத் தூள் ஒரு மேசைக்கரண்டி, தண்ணீர் மூன்று மேசைக்கரண்டி, பத்து நிமிடம் விட்டால் கொழகொழவென்று ஆகும், அதுதான் ஒரு முட்டைக்கு ஈடு என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். பிடிமானத்துக்கு அது அருமையான சாமான், ஆனால் பஞ்சு மாதிரி கேக் வேண்டும் என்றால் அதை மட்டும் நம்பக்கூடாது. விதையை முழுசாகப் போட்டால் அந்தப் பிடிமானமும் கிடைக்காது, பொடிக்க வேண்டும், பத்து நிமிடம் காத்திருக்கவும் வேண்டும். எனக்கு அந்தப் பத்து நிமிடம் பொறுக்க மூன்று தடவை கெடுக்க வேண்டியிருந்தது.

நுரைக்க வேண்டிய இடத்துக்குத்தான் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர். பிரான்ஸில் ஜோயல் ரோசல் என்பவர் 2014-இல் அது முட்டை வெள்ளைக்கரு மாதிரி நுரைக்கிறது என்று கண்டு சொன்னார், அடுத்த வருஷம் அதற்கு அக்வாஃபாபா என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நாம் தலைமுறை தலைமுறையாகச் சாக்கடையில் ஊற்றிய தண்ணீர்! இதில் நடக்கும் தவறு என்னவென்றால், குக்கரில் நாம் வைக்கும் தண்ணீர் அதிகம், அதனால் அது நீர்க்க இருக்கும், எத்தனை அடித்தாலும் நுரை நிற்காது. கடலையை எடுத்துவிட்டு அந்தத் தண்ணீரை மட்டும் தனியே வற்றவிட்டு, வெள்ளைக்கரு பதத்துக்கு வந்ததும் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்து அடியுங்கள். உப்புப் போட்டு வேகவைத்திருந்தால் இனிப்புக்கு ஆகாது. ஊறவைத்த தண்ணீர் வேறு, வேகவைத்த தண்ணீர் வேறு. முன்னதைக் கீழேதான் கொட்ட வேண்டும்.

வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் என்று படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம், வீட்டில் எப்போதும் இருக்கும் பொருளாயிற்றே. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரியில் உருகிவிடும். குளிர் நாட்டில் அது கட்டியாக, வெண்ணெய் மாதிரியே மாவில் தேய்க்கிற பதத்தில் இருக்கும், நம் ஊரில் பெரும்பாலான நாள் வெறும் எண்ணெய். 'கட்டியான தேங்காய் எண்ணெயை மாவில் உதிர்த்து' என்று எழுதியிருந்தால் அளந்து ஃப்ரிட்ஜில் வைத்து, கட்டியானதும் எடுத்து வேகமாக வேலையை முடிக்க வேண்டும், பிசைந்த மாவையும் அரை மணி நேரம் குளிரவைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிஸ்கட் ஓவனுக்குள் தோசை மாதிரி பரவும். செக்கு எண்ணெய் என்றால் மணமும் கூடவே வரும் என்பதையும் நினைவில் வையுங்கள், எலுமிச்சை கேக்கில் எனக்கு அது பிடிக்கவில்லை.

தேங்காய்ப்பாலில் மட்டும் நாம் புத்தகத்தைவிடக் கெட்டிக்காரர்கள். திருநெல்வேலிச் சொதி வைப்பவர்களுக்குத் தெரியும், காய் வேகத் தண்ணிப் பால், முதல் பால் கடைசியில், அதன் பிறகு கொதிக்கவிடக் கூடாது. புத்தகம் டப்பாப் பாலை வைத்து 'ஊற்றி 15 நிமிடம் கொதிக்கவிடு' என்று சொல்லும். டப்பாப் பாலில் திரியாமல் இருக்கப் பெரும்பாலும் ஏதாவது சேர்த்திருப்பார்கள், நாம் பிழிந்த பாலில் அது கிடையாது, திரிந்து எண்ணெய் தனியாக நிற்கும். இந்த ஒரு இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு அம்மா சொன்னதைக் கேளுங்கள்.

சோயாப் பாலில் செய்யும் டோஃபுவைப் பனீர் என்று நினைப்பது அடுத்தது. நிறம்தான் ஒன்று. டோஃபுவுக்குள் தண்ணீர் நிறைய, அப்படியே மசாலாவில் போட்டால் சப்பென்று இருக்கும், பழி டோஃபு மேல் விழும். துணியில் சுற்றி மேலே அம்மிக் குழவியையோ பருப்பு டப்பாவையோ அரை மணி நேரம் வைத்துத் தண்ணீரை வெளியேற்றி, உப்பில் பிரட்டி, கல்லில் சிவக்க வாட்டிய பிறகு குழம்பில் போடுங்கள். முதல் நாள் ஃப்ரீசரில் உறையவைத்து எடுத்துப் பிழிந்தால் ஸ்பாஞ்ச் மாதிரி ஆகி மசாலாவை நன்றாகக் குடிக்கும். மீல் மேக்கருக்கும் இதே கதைதான், வெந்நீரில் ஊறியதும் ஒட்டப் பிழியாமல் போட்டால் அந்தச் சோயா வாடை போகாது.

பலாக்காயைக் கறிக்குப் பதில் போடச் சொல்வார்கள். நார் நாராக வரும், நன்றாகவும் இருக்கும், ஆனால் பிஞ்சுக் காயாக, இனிப்பு ஏறாததாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், பலாக்காயில் புரதம் மிகக் குறைவு. கறிக்குப் பதில் என்ற பேச்சை நம்பி அன்றைக்குப் பருப்பைத் தள்ளிவிடாதீர்கள்.

நியூட்ரிஷனல் ஈஸ்ட் என்று ஒன்று பக்கத்துக்குப் பக்கம் வரும். சீஸ் ருசிக்காகச் சேர்க்கும், உயிர் நீக்கிய மஞ்சள் செதில். தெரிந்தவர் ஒருவர் அதற்குப் பதிலாக ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டை இரண்டு கரண்டி முந்திரி சாஸில் தூவினார். கசப்பும் புளித்த வாடையும், மொத்தமும் குப்பைக்குப் போனது. கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், முந்திரியோடு பூண்டும் எலுமிச்சையும் சேர்த்து அரைத்தாலே போதும்.

கடைப் பொருளில் பச்சைப் புள்ளியைப் பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம். பச்சைப் புள்ளி சைவம் என்றுதான் சொல்கிறது, பால் பொடியும் நெய்யும் தேனும் அதற்குள் அடக்கம். வீகன் உணவுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2022-இல் தனி விதிமுறை கொண்டுவந்தது, பச்சை நிறத்தில் 'வி' எழுத்தும் அதன் மேல் ஒரு இலையும் உள்ள அடையாளம் அதற்குத்தான். அது இல்லாத பொட்டலத்தில் பொருள் பட்டியலை வாசித்தே ஆக வேண்டும். 'நான் டெய்ரி' (பால் சேராதது) என்று எழுதி, காபியில் பாலுக்குப் பதில் கலக்க விற்கும் பொடியில் சோடியம் கேசினேட் இருக்கலாம், அது பால் புரதம். தாய்லாந்துக் கறி பேஸ்ட்டில் இறால் விழுது பல கம்பெனி டப்பாக்களில் இருக்கும்.

எதில் தொடங்குவது என்பதிலும் தப்பு செய்கிறோம். புத்தகத்தில் படம் பளபளவென்று இருப்பது சீஸ் கேக்கும் பர்கரும்தான், அதில் இறங்கி, ஆயிரம் ரூபாய்க்குச் சாமான் வாங்கி, கெடுத்து, 'வீகன் நமக்கு ஒத்துவராது' என்று முடித்துவிடுகிறோம். இட்லி, சாம்பார், புளிக்குழம்பு, சுண்டல், அவியலில் தயிர் மட்டும் இல்லாமல், பொங்கலில் நெய்க்குப் பதில் நல்லெண்ணெய்: வாரத்தில் ஐந்து நாள் இப்படி ஓடிவிடும். புத்தகத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வைட்டமின் பி12 விஷயத்தைப் பல சமையல் புத்தகங்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. தாவர உணவில் நம்பும்படியான அளவு பி12 கிடையாது, ஸ்பைருலினா என்ற பாசிப் பொடியும் உதவாது. முழு வீகனாக இருப்பவர்கள் மாத்திரையோ பி12 சேர்த்த உணவோ எடுத்தே தீர வேண்டும், அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் தயிர், ஏனென்றால் எங்கள் வீட்டில் அதற்குத்தான் சண்டை. ராத்திரி ஊறவைத்து, தோலெடுத்து, அரைத்து, வடிகட்டிய வேர்க்கடலைப் பாலைக் காய்ச்சி ஆறவைத்து, விரல் பொறுக்கும் சூட்டில் உறை ஊற்ற வேண்டும், கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் உறையாது. முதல் உறைக்குப் பச்சை மிளகாய்க் காம்பு ஏழெட்டு போதும். முதல் தடவை இளகித்தான் இருக்கும், அதைச் சாப்பிடாமல் அடுத்ததற்கு உறையாக வையுங்கள், இரண்டாவது கெட்டியாக வரும். கலர் மாறியோ கெட்ட வாடையோ வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். வெறுமனே புளித்துப்போனது என்றால் மோர்க்குழம்புக்கு எடுத்து வையுங்கள், அதற்குப் புளித்ததுதான் நன்றாக இருக்கும்.