பெர்லினில் கையில் பீரோடு கிளம்பும் முன்

போன சனிக்கிழமை அட்மிரால் பாலத்தில் நம்ம ஊர்ப் பசங்க நாலு பேர், வந்து மூன்று மாதம் இருக்கும், பீர் பாட்டிலைத் துணிப்பைக்குள் மறைத்து மறைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பாட்டி நாயோடு உட்கார்ந்து ஊரறியக் குடிக்கிறார். டாஸ்மாக் கறுப்பு கவர் பழக்கம் லேசில் போகாது, எனக்கும் ஒரு கோடை முழுக்க இருந்தது. "மறைக்க வேண்டாம் தம்பி, இங்கே தெருவில் குடிக்கலாம்" என்றேன். சிரித்தார்கள். அப்புறம் ஒருவன் போனை எடுத்து ஓரமாக நின்ற இ-ஸ்கூட்டரை ஸ்கேன் செய்யப் போனான் பாருங்கள், எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

ஸ்கூட்டர், ஸ்கூட்டர், ஸ்கூட்டர்

சட்டப்படி அது மோட்டார் வண்டி. ஓட்ட லைசென்ஸ் வேண்டாம், 14 வயது ஆனால் போதும், ஆனால் குடித்திருந்தால் காருக்குள்ள அதே வரம்புதான்: 0.5 ப்ரொமில்லே, அதாவது ஒரு கிலோ ரத்தத்தில் அரை கிராம் ஆல்கஹால். 21 வயதுக்குக் கீழே என்றாலோ, லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகவில்லை என்றாலோ பூஜ்யம்.

2021 கோடையில் நான் மூன்று அரை லிட்டர் பாட்டில் குடித்துவிட்டு, "வீடு ரெண்டு கிலோமீட்டர்தானே, காரா ஓட்டுகிறோம்" என்று ஏறினேன். கொட்புஸர் டோர் தாண்டவில்லை, போலீஸ். ஊதச் சொன்னார்கள், ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் மறுபடியும் ஊதச் சொன்னார்கள், இதெல்லாம் மிக மரியாதையாக. சில வாரம் கழித்து மஞ்சள் உறையில் கடிதம் வந்தது: 500 யூரோ அபராதம், அதற்கு மேல் 28.50 கட்டணம், ஃப்ளென்ஸ்பூர்க்கில் இருக்கும் போக்குவரத்துக் குற்றப் பதிவேட்டில் இரண்டு புள்ளி, ஒரு மாதம் எந்த மோட்டார் வண்டியும் ஓட்டத் தடை. லைசென்ஸே தேவைப்படாத வண்டியால் என் கார் லைசென்ஸ் ஒரு மாதம் அலமாரியில் தூங்கியது, இன்னும் எரிச்சல் தீரவில்லை. 1.1 தொட்டிருந்தால் கிரிமினல் கேஸ், வேலை விசா எல்லாம் வைத்துக்கொண்டு அதை யோசிக்கவே முடியவில்லை.

சைக்கிளுக்கு 1.6 வரை விடுவார்கள் என்று யாராவது வருவார். தடுமாறினாலோ யாரையாவது இடித்தாலோ 0.3-லேயே கேஸ். ஊ-பான், அதாவது மெட்ரோ ரயில், இரவு முழுக்க ஓடுகிறது, வெள்ளி, சனி. ஏறிப் போங்கள்.

ரயிலுக்குள்

ஊ-பானுக்குள் குடிக்க விதிப்படி கூடாது. எல்லோரும் குடிப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஹாம்பர்க்கில் நிஜமாகவே அபராதம் உண்டு.

எல்லை தாண்டினால்

போலந்துத் தலைநகர் வார்சாவில், தெருவில் குடித்தால் அதே பாட்டிலுக்கு அபராதம்.

காலி பாட்டில்

குப்பைத்தொட்டிக்குள் போடாதீர்கள், பக்கத்தில் நிற்க வையுங்கள். பீர் பாட்டிலுக்கு 8 சென்ட், கேனுக்கு 25 சென்ட் திரும்பக் கிடைக்கும், அதைப் பொறுக்கி வயிறு கழுவும் பெரியவர்கள் இந்த ஊரில் நிறைய. தொட்டிக்குள் போட்டால் அவர்கள் கையை விட்டுத் துழாவ வேண்டும், உடைந்த கண்ணாடி கிடக்கும். அன்றைக்கும் ஒருவர் சைக்கிளில் இரண்டு பெரிய நீலப் பையோடு வந்து, நாங்கள் குடித்து முடிக்கும்வரை தள்ளி நின்று காத்திருந்தார்.

ப்ரோஸ்ட்

நம்ம 'சியர்ஸ்'தான். பாட்டிலை முட்டும்போது கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். பார்க்காவிட்டால் ஏழு வருடத்துக்கு என்ன ஆகும் என்று ஜெர்மன் நண்பர் யாரையாவது கேளுங்கள், நான் சொல்ல மாட்டேன்.