ஜீனோமுக்குக் குறிப்புரை எழுதத் தொடங்குபவருக்கு

புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் முதல் நாளே மென்பொருளைக் கொடுக்க மாட்டேன். 'பலகையொலி' என்று எழுதிக் காட்டுவேன். பலகை ஒலியா, பல கையொலியா? எழுத்துகள் அவையேதான், பிரிக்கும் இடம் மாறினால் பொருள் மாறிவிடுகிறது. ஓர் உயிரியின் முழு டி.என்.ஏ. வரிசையான ஜீனோமும் அப்படித்தான். ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்துகள், இடைவெளியின்றி. மரபணு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறிப்பது அமைப்புக் குறிப்புரை. அது என்ன வேலை செய்கிறது என்று எழுதுவது செயல்பாட்டுக் குறிப்புரை. முதலாவது பிழைத்தால் இரண்டாவது வீண்.

மூன்றெழுத்து சேர்ந்தது ஒரு கோடான். எந்த எழுத்திலிருந்து எண்ணுகிறோமோ அதைப் பொறுத்து வாசிப்புச் சட்டகம் அமையும்: ஓர் இழையில் மூன்று, எதிரிழையில் மூன்று. ஏடிஜியில் தொடங்கி, டிஏஏ, டிஏஜி, டிஜிஏ ஆகிய நிறுத்தக் கோடான்களில் ஒன்று குறுக்கிடும்வரை நீளும் பகுதி திறந்த வாசிப்புச் சட்டகம். பாக்டீரியாவில் இதைக் கொண்டே வெகுதூரம் போகலாம். தாவரங்களிலும் விலங்குகளிலும் மரபணு துண்டுதுண்டாகக் கிடக்கும். மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ.வில் இறுதிவரை தங்கும் துண்டு எக்ஸான், வெட்டி நீக்கப்படுவது இன்ட்ரான். பெரும்பாலான இன்ட்ரான்கள் ஜிடியில் தொடங்கி ஏஜியில் முடியும். எக்ஸான் முழுவதும் புரதமாகும் என்று எண்ணிவிடாதீர்கள். புரதமாக மாறும் பகுதி சி.டி.எஸ். மட்டுமே, அதற்கு முன்னும் பின்னும் எஞ்சுபவை யு.டி.ஆர்.

வேலையைத் தொடங்கும்போது, திரும்பத் திரும்ப வரும் தொடர்களை முதலில் சிற்றெழுத்தாக மாற்றி மறையுங்கள். எல்லாவற்றையும் 'என்' என்று அழித்துவிட்டால் மரபணுக்களின் ஓரங்களும் சேர்ந்து போய்விடும். பிறகு மூன்று சாட்சிகளைக் கேளுங்கள்: ஆர்.என்.ஏ. வரிசைத் தரவு, நெருங்கிய இனங்களின் புரதங்கள், மரபணு இருக்கும் இடத்தைக் கணிக்கும் அகஸ்டஸ் போன்ற மென்பொருளின் கணிப்பு. கணிப்பு மட்டும் சொல்லும் மரபணுவை நான் எளிதில் நம்புவதில்லை.

முடிவுகள், மரபணுத் துண்டுகளின் இடங்களைப் பதியும் ஜி.எஃப்.எஃப்.3 கோப்பில் ஒன்பது நெடுவரிசைகளாக வரும். இங்கே நிதானம் தேவை. இக்கோப்பு முதல் எழுத்தை 1 என்று எண்ணும். இடங்களைப் பதியும் இன்னொரு வடிவமான பெட் கோப்பு 0 என்று எண்ணும். ஒருமுறை பெட் கோப்பிலிருந்து மாற்றும்போது தொடக்க எண்ணுடன் ஒன்றைக் கூட்ட மறந்துவிட்டேன். புரதங்களின் நடுவே நிறுத்தக் குறிகள் நிறைந்து வந்தன. வரிசையே பழுது என்று இரண்டு நாள் தேடினேன். ஒரே ஓர் எழுத்து நகர்ந்திருந்தது, அவ்வளவுதான். ஆகவே எதை மாற்றினாலும் பத்து மரபணுக்களைப் புரத வரிசையாக மாற்றிப் பாருங்கள். எட்டாவது நெடுவரிசையையும் அலட்சியம் செய்யாதீர்கள். அந்த சி.டி.எஸ். துண்டின் தொடக்கத்தில் எத்தனை எழுத்தைத் தள்ளினால் அடுத்த கோடானின் முதல் எழுத்து வரும் என்பதை 0, 1, 2 என்று அது சொல்கிறது.

இருக்க வேண்டிய பொது மரபணுக்கள் விடுபடவில்லையா என்பதற்கு பஸ்கோ சோதனை போதும்.

பெயரிடும்போதுதான் பலரும் அவசரப்படுகிறார்கள். பெரும்பாலான பெயர்கள் வேறொரு புரதத்தின் ஒற்றுமையிலிருந்து வந்தவை. மரபணுக்களின் செயல்பாடுகளை வகைப்படுத்தும் சொற்பட்டியலான ஜீன் ஆன்டாலஜியில் 'ஐ.இ.ஏ.' என்ற சான்றுக் குறி இருந்தால், கணினி ஒதுக்கியதை எவரும் தனித்தனியே சரிபார்க்கவில்லை என்று பொருள். ஒற்றுமை சிறு பகுதியில் மட்டும் இருந்தால் 'கருதுகோள் புரதம்' என்றே விட்டுவிடுங்கள். நீங்கள் தரும் தவறான பெயரைச் சான்றாகக் கொண்டு அடுத்த ஜீனோமுக்கும் அதே பெயர் ஏறும். பிறகு எங்கே தொடங்கியது என்று தேடிப் பிடிப்பது மிகக் கடினம்.